பந்தி வஞ்சனை

காணும் பொங்கலன்று சாயங்காலம் நான்கு மணி வெயிலில் பட்டிமன்றம் வைக்கிற ஊர் வேறெங்கும் இருக்காது. ராத்திரி மேடை ஆடல்பாடல் குழுவுக்கு என்று ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. மைக்செட்டுக்காரர் மத்தியானமே வந்து இறங்கிவிட்டார். சும்மா கிடக்கிற மைக்கில் யாராவது பேசிவிட்டுப் போகட்டுமே என்றுதான் பட்டிமன்றம். திருமயத்திலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிஷம் உள்ளே போனால் வருகிற அந்த ஊரில் தமிழுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

தலைப்பைக் கொடுத்தவன் தமிழ்செல்வன், விழாக் கமிட்டித் தலைவன், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். "குடும்பத்துல சந்தோசம் ஆம்பளையாலயா பொம்பளையாலயான்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு மாமா. எளவட்டம் ஒக்காந்து கேக்குற மாதிரி ஒண்ணு வைப்போம்" என்று நாகராசுவிடம் சொல்லிவிட்டு நோட்டீஸே அடித்துவிட்டான். 'பெரும் வெற்றிப் படங்களில் தரத்தால் உயர்ந்து நிற்பது ஏழுநிலை பிலிம்ஸா, பருந்து ஸ்டூடியோஸா?' கம்பெனிக்கு மூன்று படம். அந்தக் கம்பெனியின் ஆகப் பெரிய வெற்றிகள் மூன்றை மட்டும் எடுத்துப் பேச வேண்டும். வசூலைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, தரம் மட்டும்தான். அணிக்கு இரண்டு பேர். யாருக்கு எந்த அணி என்பதைச் சொம்புக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள்.

நாகராசு எடுத்த சீட்டில் 'ஏழுநிலை' என்று இருந்தது. 

நாகராசு அந்த ஊர்க்காரன், திருமயத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் கிளார்க். நாற்பத்தாறு வயது. சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் பட்டிமன்றத்துக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு சினிமாக் கதாசிரியன் ஆகிற ஆசை இருந்தது. லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் ஏழுநிலை ஆபீஸில் மூன்று நாள் காத்துக் கிடந்து ஒரு கதை சொன்னான். கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை எழுதிய நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். "சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லியும் அனுப்பவில்லை, நோட்டையும் அனுப்பவில்லை. மூன்று வருஷம் கழித்து 'மூணாம் பந்தி' என்ற பெயரில் படம் வந்து நூறு நாள் ஓடியது. கதை என்று வேறு ஒருவர் பெயர் வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று எடுத்துப் பரிமாறிவிட்டார்கள்.

புதுக்கோட்டைத் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு திருமயத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். முதல் வருஷம் "அடப்பாவமே" என்றார்கள். இரண்டாம் வருஷம் "அப்படியா" என்றார்கள். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறந்தாலே டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவன் மனைவிகூட, "அத விடுங்க, வேற பேசுங்க" என்பாள். ஒரே ஒரு தடவை, சொந்த ஊர்ச் சனங்கள் மத்தியில், அது என்னுடையது என்று சபையில் நிலைநாட்டிவிட்டால் போதும், செத்தாலும் கட்டை வேகும் என்று அவன் நினைத்திருந்தான். இப்போது அந்தத் திருட்டுக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்கச் சொல்லிச் சீட்டு விழுந்திருக்கிறது.

எதிரணியில் கீரனூர்ப் பையன் அரவிந்த்குமார். தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவன், ஓய்வு நேரத்தில் யூடியூபில் படங்களைக் கிழிகிழியென்று கிழிப்பவன். "தம்பி, அணிய மாத்திக்குவமா?" என்று நாகராசு கேட்டுப் பார்த்தான். "ஐயோ அண்ணே, பருந்துக்கு நான் முப்பது பாயிண்ட் எழுதி வச்சிருக்கேன்" என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். நாகராசு போகவில்லை. அவனுக்குள் ஒரு கள்ள எண்ணம் இருந்தது. மேடை நமக்கு, மைக் நமக்கு, பேசுகிற விஷயமும் நம் படம். கடைசி நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டால் என்ன?

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கதை அவன் தலையில் முளைத்ததில்லை. அது அவன் அக்கா சொர்ணவல்லிக்கு நடந்தது.

அக்காவைக் கீரனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி நாலாம் வருஷம் அவள் புருஷன் திருச்சியில் வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். அக்கா அங்கேயே இருந்து படுக்கையில் கிடந்த மாமனாருக்கு ஐந்து வருஷம் பீ மூத்திரம் அள்ளினாள். கிழவர் செத்த பதினாறாம் நாள் கருமாதிக்குப் புருஷன் வந்தான், பக்கத்தில் அந்தத் திருச்சிக்காரியையும் கூட்டிக்கொண்டு. இருவரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அக்காதான் பரிமாறினாள். எல்லா இலைக்கும் வைத்ததுபோல அவன் இலையிலும் முதலில் உப்பு வைத்தாள். அத்தோடு சரி. சோற்றுக் கூடை அவனைத் தாண்டிப் போனது. குழம்பு வாளி தாண்டிப் போனது. அப்பளம், ரசம், மோர் எல்லாம் தாண்டிப் போயின. பக்கத்து இலையில் அவன் கூட்டிவந்தவளுக்குக்கூடக் குறைவில்லாமல் விழுந்தது. பந்தி முடிகிறவரை அவன் அந்த உப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அன்றே அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூட்டிவரப் போன தம்பியிடம் பஸ்ஸில் வைத்து நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"பந்தி வஞ்சனை பண்ணிட்டேன்டா. செத்தவுகளுக்குப் படைச்ச சோறு. எவனா இருந்தா என்ன, எலையில ஒக்காந்தவனப் பட்டினியா அனுப்பிட்டேன். ஒருத்தர்ட்டயும் சொல்லாத."

அவள் ஏன் வாழாமல் வந்தாள் என்பது சொந்த ஊரில் பத்தொன்பது வருஷமாக யாருக்கும் தெரியாது. "ஒத்து வரல" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். தையல் மிஷின் போட்டுப் பிழைத்தாள். சினிமாத் தியேட்டர் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள். யாரிடம் புலம்பினாலும் அக்கா பேரை மட்டும் எடுக்காத நாகராசு, அவளுக்கு அந்தப் படமே தெரியாது என்றுதான் நிம்மதியாக இருந்தான்.

நடுவர், புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை மணிமேகலை. கணீரென்ற குரல். நாகராசுதான் முதலில் பேசினான். கை தேர்ந்தவன் அல்லவா, நெஞ்சுக்குள் கசந்தாலும் வாய் இனித்தது. பருந்து கம்பெனி ஹெலிகாப்டரைக் காட்டும், ஏழுநிலை மனுசனைக் காட்டும் என்றான். பருந்தின் படத்தில் ஹீரோ ஒரு அடியில் முப்பது பேரைப் பறக்க விடுவான், 'மூணாம் பந்தி'யில் ஒரு பொம்பளை கை ஓங்காமல் ஒருத்தனைத் தரையில் போட்டாள் என்றான். கைதட்டல் விழுந்தது. கடைசியில் போட்டு உடைக்க நினைத்திருந்தவன் மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். நன்றி சொல்லி உட்கார்ந்தான்.

நடுவில் இரண்டு பேர் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை. பிறகு அரவிந்த்குமார் எழுந்தான்.

"ஏழுநிலையோட மூணு பெரிய படத்த எடுத்துக்குவோம். ஒண்ணு பாம்புப் படம். பாம்பு நல்லா நடிச்சிருந்துச்சு, ஒத்துக்கிறேன். ரெண்டாவது எரட்டைப் பிள்ளைங்க படம். அண்ணன் யாரு தம்பி யாருன்னு டைரக்டருக்கே கடைசிவரைக்கும் தெரியல. மூணாவது நம்ம அண்ணன் உருகி உருகிப் பேசுனாரே, அந்த 'மூணாம் பந்தி'. அந்த உப்பு சீன் இருக்குல்ல? அது அப்பட்டமான காப்பிங்க! ஒரு வெளிநாட்டுப் படத்துல ஒரு பொம்பள காலித் தட்ட வைப்பா. இவுக தட்டத் தூக்கிட்டு எலையப் போட்டாக. அவ்வளவுதான். திருட்டுச் சரக்குக்குத் தரம் என்னங்க தரம்?"

விசில் பறந்தது. நாகராசு மாட்டிக்கொண்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். சும்மா இருந்தால் அக்காவின் உப்பு எவளோ வெள்ளைக்காரியின் தட்டாகிவிடும். காப்பி இல்லை என்று நிரூபிக்கப் போனால், எந்தக் கம்பெனிக்காகப் பேசுகிறானோ அதைத் திருடன் என்று அவனே சொன்னதாகிவிடும். பதினோரு வருஷ வயிற்றெரிச்சல் நியாயம் பார்க்குமா? எதிர்வாதத்துக்கு இரண்டு நிமிஷம் கேட்டு மைக்கைப் பிடித்தான்.

"காப்பி இல்லைங்க. அது நம்ம கீரனூருக்கு அங்கிட்டு நடந்தது. நடத்திக் காட்டுனது எங்க அக்கா. அந்தா, மூணாவது வரிசையில ஒக்காந்திருக்கே, சொர்ணவல்லி, அதுதான். மாமனார் கருமாதியில எங்க மச்சானுக்கு வெறும் உப்ப வச்சுட்டு வந்துச்சு. அதக் கதையா எழுதி ஏழுநிலை ஆபீசுல கொண்டுபோய்ச் சொன்னவன் நான். பேரு போடாம எடுத்துக்கிட்டாங்க. இது சத்தியம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. 'எங்க பக்கத்து வீட்டுல ஒரு அம்மா', 'என் மச்சினன் ஒருத்தன்' என்று ஆரம்பிப்பது பட்டிமன்றக்காரர்களின் வழக்கம். அந்த அம்மாவும் இருக்க மாட்டாள், மச்சினனும் இருக்க மாட்டான். நாகராசுவே பதினைந்து வருஷமாக இல்லாத மாமாவைக் கிணற்றில் தள்ளியிருக்கிறான், வாயில்லாப் பூச்சியான மனைவியைப் பூரிக்கட்டையோடு துரத்த விட்டிருக்கிறான். பொய் சொல்லியே கைதட்டு வாங்கிய இடத்தில் உண்மையைச் சொன்னால் அதற்கும் கைதட்டுதான் கிடைக்கும். இந்தச் சின்ன விஷயம் அவனுக்கு உறைக்காமல் போனது.

"சிரிக்காதீங்க! நெசமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினான். சிரிப்பு கூடியது. அவன் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து, "நடிப்பப் பாரு!" என்றார் ஒருவர். நாகராசு மானத்தை விட்டுக் கெஞ்சினான். "அக்கா, நீயே சொல்லுக்கா! நடந்துச்சா இல்லையா?"

நடுவருக்கும் விளையாட்டு பிடித்துப்போனது. "சாட்சி இங்கதான் இருக்காங்களாமே. அந்த அம்மாட்ட ஒரு மைக்கக் குடுங்க" என்றார். தமிழ்செல்வன் ஒயரில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான்.

சொர்ணவல்லி எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை 'ஆமா' என்றால் போதும்.

"எங்க குடும்பத்துல பந்தி வஞ்சனை யாரும் பண்ணுனதில்லைங்க" என்றாள். "தம்பி பேச்சுக்குச் சொல்லுது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

பந்தல் அதிர்ந்தது. பின்னால் நின்றவர்கள் துண்டைச் சுழற்றினார்கள். நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். ஒரு காட்சி, அது தன் சொந்தக் குடும்பத்தில் நடந்ததாகவே ஒருவரை நம்ப வைக்கிறது என்றால் அதைவிடத் தரம் வேறென்ன வேண்டும், ஆகவே ஏழுநிலை பிலிம்ஸே உயர்ந்து நிற்கிறது என்றார். ஏழுநிலையை ஜெயிக்க வைத்தவன் என்று நாகராசுவுக்குச் சால்வை போட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கும்போது அரவிந்த்குமார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். "செமண்ணே, கடைசியில அக்காவ எறக்குனீங்க பாருங்க, நான் காலி. வெளிநாட்டுப் படமும் சும்மா அடிச்சுவிட்டதுதான். எந்தப் படம்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பேன்." நாகராசுவுக்கு அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. கையை உருவிக்கொண்டு அக்காவைத் தேடிப் போனான்.

அவள் கண்மாய்க்கரை வழியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். வெயில் இன்னும் இருந்தது. ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுன? ஊரே சிரிச்சிருச்சு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் காலத்துக்கும் போதும்."

"ஒன் காலத்துக்கு" என்றாள் அவள். நடையை நிறுத்தவில்லை.

"அது நம்ம கதைக்கா. கேக்காமக் கொள்ளாமத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"கம்பெனிக்காரன் ஒன்னயக் கேக்கல. நீ என்னயக் கேட்டியாடா?"

நாகராசு தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"அந்தப் படத்த நான் பாத்தேன்" என்றாள் அவள். "வந்த வருசமே தீபாவளிக்கு டிவியில போட்டான். தைக்க வந்த பொண்ணுங்களோட ஒக்காந்து பாத்தேன். உப்பு வைக்கிறப்ப அதுக எல்லாம் கை தட்டுச்சுக. எனக்கு மேலெல்லாம் பத்தி எரிஞ்சுச்சு. சரி, சொன்னது தம்பிதானே, ஏதோ ஆத்தாமையில சொல்லியிருக்கும்னு விட்டுட்டேன்."

"அக்கா..."

"கடைசியில அவ திரும்பப் போறாளே. அந்தாளு கையப் பிடிச்சு ஒக்கார வச்சு, எல போட்டு, சோறு போட்டு, அவன் கால்ல விழுறாளே." இப்போதுதான் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். "அத யாருடா எழுதுனது?"

அதையும் அவன்தான் எழுதினான். சென்னை போகிற பஸ்ஸில், விழுப்புரம் தாண்டி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதினான். பொண்டாட்டி புருஷன் காலில் விழாமல் படம் முடிந்தால் தாய்க்குலம் இரண்டாவது தடவை வராது என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏழுநிலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டது உப்புக்கு அல்ல, அந்த இடத்துக்குத்தான். அன்றைக்கு அதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

"அது கம்பெனிக்காரன் எழுதுனதுக்கா" என்றான் நாகராசு. "எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."