தெற்கே மூன்று திமிங்கிலங்கள்

பீக்கோ தீவின் மலைச்சரிவில், கடலைப் பார்த்த சின்ன அறைக்குள் எர்குலானுவுக்கு வேலை. பைனாகுலரில் கண்ணைப் பதித்துத் திமிங்கிலம் மூச்சு விடும் இடத்தைக் கண்டுபிடித்து, விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிப் போகும் படகுக்கு வயர்லெஸ்ஸில் திசை சொல்ல வேண்டும். இருபது வருஷமாக அவன் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. அந்தக் கண்தான் இப்போது அவனுக்கு எமனாக வந்து வாய்த்தது.

இந்தக் கோடையில் அவன் மனைவி தியோலிந்தா அதே படகில் வழிகாட்டியாகச் சேர்ந்தாள். படகோட்டி நொர்பெர்த்து பக்கத்துத் தீவுக்காரன், கல்யாணமாகாதவன். அவன் ஏதோ சொல்வான். அவள் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். நாலு மைலுக்கு இப்பால் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன கேட்கும்? வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தால் எர்குலானுவுக்கு வயிறு எரிந்தது.

அன்று காலை தெற்கே மூன்று திமிங்கிலங்கள் மூச்சு விட்டன. நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, மேற்கே போகச் சொன்னான். வெறும் தண்ணீரைக் காட்டி அந்த நொர்பெர்த்து அசடு வழியட்டும், அவளும் பார்க்கட்டும். படகு மேற்கே போனது, பிறகு அவன் சொன்னபடியே வடக்கே அலைந்தது. எர்குலானு ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் ருசித்துச் சாப்பிட்டான்.

பதினொன்றரைக்கு வயர்லெஸ்ஸில் தியோலிந்தா வந்தாள்.

"இந்தா மனுஷா, ஒண்ணுகூட கண்ல படல. வந்தவங்க மூஞ்சி தொங்கிப் போச்சு. மத்தியானம் காசு வாங்காம இன்னொரு தடவ கூட்டிட்டுப் போகணும். நான் வீட்டுக்கு வரல, நானும் நொர்பெர்த்துவும் துறையிலயே சாப்பிட்டுக்கறோம்."

திமிங்கிலம் தென்படாவிட்டால் மறுபயணம் இலவசம் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பொறாமையில் அவனுக்கு மட்டும் அது மறந்து போயிருந்தது. தன் வாயாலேயே அவளை நொர்பெர்த்துவோடு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு அனுப்பி வைத்துவிட்டான்.

மத்தியானம் உண்மையாகவே தேடினான். ஒன்றே ஒன்று வந்தால் போதும், பார்த்துவிட்டுப் படகு திரும்பிவிடும். கண்ணில் நீர் வழிய அடிவானம் வரை துழாவினான். கடல் துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. ஒன்றும் இல்லை என்று அவன் சொன்னபோது அதில் பொய்யில்லை.

"பரவால்ல," என்றாள் தியோலிந்தா. குரலில் துளி வருத்தமில்லை. "அவசரம் ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் சுத்திட்டு வரோம்."

காற்று குளிர்ந்தது. நொர்பெர்த்து தன் மேல்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தியதையும், அவள் அதை இழுத்து மூடிக்கொண்டதையும் எர்குலானு மிகத் தெளிவாகப் பார்த்தான்.