கால்வாயில் விழுந்த குதிரை

சச்சிதானந்தனுக்கு ஸ்காபரோவில் இன்னொரு பெயர் உண்டு. குதிரை. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடுகிற துணிவு தியாகலிங்கத்துக்கு மட்டும்தான். மற்றவர்கள் அவர் எழும்பிப் போனபிறகு சொல்வார்கள்.

பெயர் வந்த காரணம் அவருடைய வாய்தான். பிறந்தநாளோ சாமத்தியவீடோ, இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் மனுசன் தொடங்கிவிடுவார். எண்பத்தாறாம் ஆண்டு, கனடாவுக்கு வரமுதல், அவர் ஒல்லாந்தில் ஒரு பழைய ஊரில் அகதியாக இருந்தாராம். மாசிக் குளிரில் உறைந்துபோன கால்வாயின் ஐஸ் உடைந்து ஒரு வண்டிக் குதிரை உள்ளே விழுந்துவிட்டதாம். கைக்கு ஒரு கயிறும் அகப்படவில்லையாம். தமிழ்ப் பெடியள் தாங்கள் இடுப்பில் உடுக்கிற சாரங்களை ஒன்றோடு ஒன்று முடிந்து, அதைக் கயிறாக்கி இழுத்தார்களாம். "முன்னுக்கு நிண்டு இழுத்தது ஆரெண்டு நினைக்கிறியள்?" என்று நிறுத்தி, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"குதிரைதான் பிறகு உன்னைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணினதோ?" என்று தியாகலிங்கம் கேட்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சச்சிதானந்தனும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மனைவி கமலாம்பிகை.

கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்தக் குதிரையோடும் சேர்த்துத்தான் அவள் குடும்பம் நடத்துகிறாள். மற்ற எந்த விஷயத்திலும் மனுசன் பொய் சொல்லி அவள் கண்டதில்லை. காரை வேகமாக ஓட்டிப் பொலிசிடம் டிக்கெட் வாங்கினால் ஒளிக்காமல் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைக்கிற ஆள். அப்படிப்பட்டவர் இந்த ஒரு கதையில் மட்டும் அளந்துவிடுவாரா, மாட்டாரா? சாட்சி கேட்கவும் வழியில்லை. ஒல்லாந்தில் ஒரே அறையில் கூட இருந்த பெடியள் திக்குத் திக்காகப் போய்விட்டார்கள், ஒருவருடைய நம்பரும் இல்லை. ஊர் சிரிப்பது அவளுக்கு நோகத்தான் செய்தது. ஆனால் தன் புருசன் புளுகனா இல்லையா என்று தனக்கே தெரியாமல் இருப்பது அதைவிட நொந்தது.

ஆகவே மகள் நிரூபா வேலை விஷயமாக ரொட்டர்டாமுக்குப் போகிறாள் என்றதும், கமலாம்பிகை அவளைப் பிடித்துக்கொண்டாள். "சனிக்கிழமை சும்மாதானே இருப்பாய். அப்பா இருந்த ஊரை ஒருக்காப் போய்ப் பார்."

அந்த ஊரின் பெயரை வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. தொண்டையில் மீன்முள் சிக்கினால் வருகிற சத்தம் ஒன்று அதன் நடுவில் கிடந்தது. அங்கே அந்த ஊரின் கதையை மட்டும் வைத்திருக்கிற சின்ன மியூசியம் ஒன்று உண்டு என்று நிரூபா தேடிப் பிடித்தாள்.

"அது பூட்டிக் கிடக்கும்," என்றார் சச்சிதானந்தன். "திறந்திருந்தாலும் என்ன இருக்கப்போகுது, நாலு கோப்பையும் ரெண்டு சட்டியும். பிள்ளையை ஏன் வீணா அலைக்கழிக்கிறீர்?"

கமலாம்பிகைக்குச் சந்தேகம் கூடியது. அந்தக் கதையைச் சொல்ல இடம் தேடித் திரிகிற மனுசன், அதை மெய்ப்பிக்க ஒரு வழி வந்தால் ஏன் தடுக்கவேண்டும்?

சனிக்கிழமை காலை ஸ்காபரோ மல்வேர்னில் அவர்களுடைய வீட்டுக் குசினியில் ஐபாட் தேத்தண்ணிப் போத்தலோடு சாய்ந்து நின்றது. அதன் திரைக்குள் நிரூபா மியூசியத்து வாசலில் நின்றாள். சச்சிதானந்தன் ஒரு நிமிசம் எட்டிப் பார்த்தார். பிறகு, காரின்ரை வின்டர் ரயர் இன்னும் மாத்தேல்லை என்று சொல்லிக்கொண்டு டிரைவ்வேக்குப் போய்விட்டார். ஏப்ரல் பிறந்ததிலிருந்து அவள் சொல்லிச் சொல்லிக் களைத்த வேலை அது.

முதல் அறையில் குதிரை இல்லை. ஆனால் கமலாம்பிகை குதிரையைக் கொஞ்ச நேரம் மறந்தேவிட்டாள். சுவரில் ஒரு அலுமாரி, கதவைத் திறந்தால் உள்ளே மெத்தை.

"உது என்ன பிள்ளை, அலுமாரிக்குள்ளையோ படுக்கிறவை?"

"ஓம் அம்மா. குளிருக்காம். அதுவும் நீட்டி நிமிர்ந்து படுக்கிறேல்லையாம், பாதி இருந்தபடி ஸ்லீப் பண்ணுவினமாம்."

"கால் நீட்டிப் படுக்கத் தெரியாத சனமே எங்கடை ஊரிலை வந்து கோட்டை கட்டினது?" என்றாள் கமலாம்பிகை.

அடுத்து ஓட்டை போட்ட மரப்பெட்டி. உள்ளே சட்டியில் தணலை வைத்து, பெண்கள் பாவாடைக்குக் கீழே வைத்துக்கொள்வார்களாம். கோயிலுக்கும் கொண்டுபோவார்களாம். ஒருநாளாவது பாவாடையில் நெருப்புப் பிடிக்கவில்லையா என்று கேள் என்றாள் கமலாம்பிகை. நிரூபா கேட்டாள். மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற வயதான டச்சு மனுசி, கழுத்தில் கண்ணாடி தொங்க, விழுந்து விழுந்து சிரித்தாள், பிடித்ததாம். ஒரு கதவில் கான்டோர் என்று எழுதியிருப்பதாக மகள் வாசிக்க, தாய் "கந்தோர்" என்று திருத்தினாள். அலுவலகத்தை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தன் தகப்பன் வேலைக்குப் போன இடத்தின் பெயர் இந்தக் கதவிலிருந்து வந்ததென்று கண்டபோது அவளுக்கு ஒரு சின்னப் பெருமை.

மேல்மாடியில்தான் ஊரின் அண்மைக்காலக் கதை இருந்தது. பழைய ஐஸ் சறுக்குச் சப்பாத்துகள், வெள்ளம் வந்த படங்கள். பிறகு நிரூபாவின் குரல் மாறியது.

"அம்மா. குதிரை இருக்கு."

பெரிதாக்கிய பத்திரிகைப் படம். உடைந்த ஐஸுக்குள்ளிருந்து ஒரு குதிரையின் கழுத்தும் முன்னங்கால்களும் வெளியே. கரையில் சனம். நடுவில் நாலு தமிழ்ப் பெடியள், கம்பளித் தொப்பியோடு, கோடும் கட்டமுமாகத் துணிக்கயிறு ஒன்றைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறார்கள்.

கமலாம்பிகை ஆய்ந்துகொண்டிருந்த போஞ்சிக்காயை வைத்துவிட்டு எழும்பி நின்றாள். இத்தனை வருசச் சிரிப்பும் அந்த ஒரு படத்தில் அடைபட்டுப் போனது. தியாகலிங்கத்துக்கு இப்பவே ஒரு கோல் எடுக்கவேண்டும் என்று கை பரபரத்தது.

"அப்பா எதிலை நிக்கிறார் எண்டு பார். கிட்டக் கொண்டுபோ."

நிரூபா கிட்டக் கொண்டுபோனாள். முன்னுக்கு நின்றவன் கட்டை. இரண்டாவது ஆளும் கட்டை. நாலுபேருமே பக்கத்தில் நின்ற டச்சுக்காரரின் தோளுக்குத்தான் வந்தார்கள். சச்சிதானந்தன் ஆறடிக்கு மேலே. கோயிலில் சாமி தூக்கவே அவரைச் சேர்க்கமாட்டார்கள், தோள் மட்டம் சரிவராது.

"அம்மா," என்றாள் நிரூபா மெதுவாக. "அப்பா இதிலை இல்லை."

கமலாம்பிகைக்குக் கோபம் வந்தது. அதுக்குப் பின்னால் வெட்கம் வந்தது. ஒருவேளை குதிரையே இல்லையென்று ஆகியிருந்தாலும் தாங்கியிருப்பாள். குதிரை உண்மை, பெடியள் உண்மை, புருசன் மட்டும் பொய் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? வெளியே சில்லுக் கழற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"காணும் பிள்ளை. நீ வெளிக்கிடு."

"பொறுங்கோ, இந்த மியூசியத்து மனுசி ஏதோ சொல்லுறா." நிரூபா திரும்பிக் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் கதைத்தாள். "அம்மா, அந்தக் கயிறும் இஞ்சை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருக்கு. அதிலை இவைக்கு ஒரு குழப்பமாம். படத்திலை நாலு பேர். கயிறிலை அஞ்சு துணி. அஞ்சாவது ஆரின்ரை எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். அதின்ரை மூலையிலை ஒரு கறுப்பு அடையாளம் வேறை. சமயச் சின்னமா இருக்கலாமெண்டு எழுதி வைச்சிருக்கினம்."

"காட்டு."

நீலக் கட்டம் போட்ட சாரம், இறுக்கி முடிந்தபடி. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூலையில் மூன்று புள்ளி, அவற்றுக்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் முடிவில் தூண்டில்போல ஒரு வளைவு.

கமலாம்பிகை ஐபாடைத் தூக்கினாள். நேரே பேஸ்மென்டுக்குப் போனாள். கோடையில் டெக்கில் மோர்மிளகாய் காயப்போடுகிற பழைய வேட்டி ஒன்று அங்கே இருந்தது. ஊரிலிருந்து மாமியார் எதையோ சுற்றிக் கொடுத்துவிட்ட வேட்டி. அதன் மூலையை விரித்தாள். மூன்று புள்ளி, கோடு, வளைவு. ஊரில் உடுப்பு வெளுக்கிறவர்கள் துணி மாறாமல் இருக்க வீட்டுக்கு வீடு ஒரு குறி போடுவார்கள், எத்தனை முறை தோய்த்தாலும் போகாது. வருசா வருசம் மிளகாயைப் பரப்பும்போது அவள் விரல் பட்ட குறிதான் அது. உலகத்தில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அந்தக் குறி.

ஒரு கையில் வேட்டியும் மறுகையில் ஐபாடுமாக டிரைவ்வேக்கு வந்தாள். சச்சிதானந்தன் ரயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்தார்.

"படத்திலை நீங்கள் இல்லை," என்றாள். "ஆனால் சாரம் உங்கடை."

மனுசன் வேட்டியைப் பார்த்தார். ஐபாடில் தெரிந்த மூலையைப் பார்த்தார். பிறகு கழற்றின ரயரின் மேலேயே இருந்துவிட்டார்.

"எனக்குக் காய்ச்சல்," என்றார். "அவங்கள் நாலுபேரும் ஓடினவங்கள். கட்டிப் பாத்தா கயிறு எட்டேல்லை. திரும்பி ஓடிவந்து, நான் உடுத்தபடி படுத்திருந்த சாரத்தை உருவிக்கொண்டு போட்டாங்கள். நானும் எடுங்கோ எண்டுதான் சொன்னனான். மாத்திப் போட இருந்த ஒரு களிசானும் வாளியிலை ஊறிக் கிடக்குது. நான் கம்பளியைச் சுத்திக்கொண்டு ஜன்னலிலை நிண்டு பாத்தன்."

"பிறகு?"

"பிறகென்ன. ஊரே சேர்ந்து அவங்களுக்கு விருந்து வைச்சுது. ஆளுக்கொரு ஓவர்கோட் குடுத்தது. நான் எப்பிடிப் போறது? நாலு பேரெண்டு பேப்பரிலையும் வந்திட்டுது. அஞ்செண்டு போய்ச் சொல்ல எனக்குப் பாஷை தெரியாது." கையிலிருந்த அழுக்கைத் துடைத்தார். "இஞ்சை வந்து முதல்தரம் கதை சொல்லேக்கை தியாகலிங்கம் கேட்டான், நீ எங்கை நிண்டனி எண்டு. உடுப்பில்லாமல் ஜன்னலிலை எண்டே சொல்லுறது? முன்னுக்கு எண்டு வாயிலை வந்திட்டுது. ஒருக்கா முன்னுக்கு நிண்டாப் பிறகு எப்பிடிப் பின்னுக்கு வாறது?"

கமலாம்பிகைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். ஐபாடுக்குள் நிரூபா கண்ணைத் துடைத்தாள்.

"அப்பா, இவ கேக்கிறா. உங்கடை சாரத்தைத் திருப்பி அனுப்பவோ எண்டு. அவிட்டுத் தோய்ச்சு அனுப்பலாமாம்."

"வேண்டாம் வேண்டாம்," என்றார் சச்சிதானந்தன் அவசரமாக. "அவிட்டால் குதிரை விழுந்திடும்."

கமலாம்பிகை வேட்டியின் மூலையை ஐபாடுக்கு நேரே பிடித்தாள். "இதைப் படம் எடுத்து அவவுக்குக் குடு. சமயமும் இல்லை, சாமியும் இல்லை, உடுப்புத் தோய்க்கிற குறி எண்டு சொல்லு. அப்பாவின்ரை பெயரையும் எழுதிக் குடு. முழுப்பெயர்."

நிரூபா போனை வைத்தபிறகு மனுசன் மெல்லக் கேட்டார். "தியாகலிங்கத்துக்குச் சொல்லப்போறீரோ?"

"இனி அந்தக் கதையை நான் சொல்லுறன். நீங்கள் பேசாமல் இருங்கோ. மற்றச் சில்லையும் கழட்டுங்கோ."

அடுத்த கிழமை தியாகலிங்கத்தின் பேத்திக்குப் பிறந்தநாள். ஹோல் வாசலிலேயே அவர், "குதிரை வந்திட்டுது," என்றார். கமலாம்பிகை அவருக்கு முன்னாலேயே கதிரையை இழுத்துப் போட்டாள். போனில் படத்தை எடுத்துக் காட்டினாள். பக்கத்து மேசைக்காரரும் எழும்பி வந்தார்கள். தியாகலிங்கம் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பவும் போட்டார்.

"குதிரை இருக்குத்தான்," என்றார். "சச்சியைக் காணேல்லையே."

"காணமாட்டியள் அண்ணை. இழுத்தது அந்த நாலு பேரும்தான். கயிறு எட்டேல்லை. அப்ப இவர் உடுத்திருந்த சாரத்தை அவிட்டுக் குடுத்தவர். அஞ்சாவது துணி இவரின்ரை. அதையும் இப்ப மியூசியத்திலை எழுதி வைச்சிருக்கினம்."

சச்சிதானந்தன் தட்டில் இருந்த ரோல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தியாகலிங்கத்தின் வாய் சிரிப்புக்குத் தயாரானது. "சாரத்தைக் குடுத்துப்போட்டு என்னத்தை உடுத்தவன்?"

"ஒண்டுமில்லை," என்றாள் கமலாம்பிகை. "அந்தக் குளிருக்குள்ளை, உடம்பிலை இருந்த ஒரே துணியை ஒரு குதிரைக்குக் குடுத்தவர். நீங்கள் குடுப்பியளோ அண்ணை?"

ஒருவரும் சிரிக்கவில்லை. தியாகலிங்கம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"காய்ச்சலும் இருந்தது," என்றார் சச்சிதானந்தன்.