அக்கா காப்பாற்றிய கட்டடம்

என் அக்கா மிண்டல், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப் நகரில் நாங்கள் குடியிருக்கும் பழைய அடுக்குமாடியை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். நகராட்சிக் கூட்டத்தில் மேசையைத் தட்டி, "ஒரு ஆணியக்கூட யாரும் தொடக்கூடாது!" என்று கத்தினாள். ஜெயித்தாள். கட்டடம் பாரம்பரியச் சின்னமானது. தெருவே அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. நானும்தான் ஆடினேன்.

அடுத்த குளிர்காலத்தில் அத்தான் நஃப்தாலிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவர்கள் வீடு நான்காவது மாடி. ஜெப ஆலயம் எதிர்வாடையில். சனிக்கிழமை ஓய்வுநாளில் யூதர்களான நாங்கள் லிஃப்ட் பொத்தானைத் தொடுவதில்லை. வேறு ஆளைவிட்டு அழுத்தச் சொல்வதும் முறையில்லை. மற்றக் கட்டடங்களில் அன்றைக்கு மட்டும் லிஃப்ட் தானாகவே மாடிக்கு மாடி நின்று போகும். எங்களுடையது கம்பிக்கதவு போட்ட கிழட்டு லிஃப்ட். அதை அப்படி மாற்ற அனுமதி கேட்டு அக்கா நகராட்சிக்குப் போனாள்.

"ஆணியக்கூடத் தொடக்கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார் அதிகாரி. நக்கலாகச் சொல்லவில்லை, பாவம். சட்டம் அப்படி.

இந்த வருஷம் அவர்கள் பேரன் எல்கானாவுக்குப் பதின்மூன்று வயது நிறைந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் அவன் சபை நடுவே முதன்முதலாகத் தோரா வேதத்தை ராகம்போட்டு வாசிக்க வேண்டும். அதைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அத்தானுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை.

"நாலு பேரக் கூப்பிட்டு நாற்காலியோட தூக்கச் சொல்லட்டுமா அத்தான்?" என்று கேட்டேன்.

"நான் என்ன மாவு மூட்டையா பெரெல்? தெருவே வேடிக்கை பாக்கும். சும்மா இரு."

"அப்ப ஜன்னலத் திறந்து வெச்சுக் கேளுங்க. அங்கயும் திறக்கச் சொல்றேன்" என்றாள் அக்கா.

சொன்னபடியே திறந்து வைத்தார்கள். பெண்கள் மாடத்தில் அக்காவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். வரவில்லை. எல்கானா பிசிறில்லாமல் வாசித்தான், வழக்கப்படி அவன்மேல் மிட்டாய் எறிந்தோம். முடிந்ததும் மூச்சு வாங்க நான்கு மாடி ஏறினேன்.

அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே அக்கா.

"கேட்டுச்சா அத்தான்?"

"டிராம் கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "நீயாவது போயிருக்கலாம்ல? வந்து எனக்குப் பாடிக் காட்டியிருப்பே."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?" என்றாள் அக்கா.

ஊரையே வாயடைக்க வைத்தவள் அவள். அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

"சரி பெரெல், நீ பாடு. எப்படி வாசிச்சான்?" என்றார் அத்தான்.

எனக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. "நல்லா வாசிச்சான் அத்தான்" என்று மட்டும் சொன்னேன்.