வெட்டிய ஓரம்

மலைக் கணவாயின் பழைய வரைபடத் தாளை நகலெடுத்து, தம்பியின் சட்டைப்பையில் அடங்கும்படி நகலின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தது அவள்தான். நிலச்சரிவில் சாலை மூடிவிட்டது. அறுந்த தொலைபேசிக் கம்பியைச் சரிசெய்ய அவன் இரண்டு ஆட்களோடு கணவாயை நடந்தே தாண்ட வேண்டும். புதிய வரைபடங்களில் ஒற்றையடிப் பாதை எதுவும் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தத் தாளில் இருந்தது. கோடும் புள்ளியுமாகப் போன அதன்மேல் சிவப்புப் பென்சிலால் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று வேறு சொல்லி அனுப்பினாள். பதினைந்து வருஷமாக நில அளவை அலுவலகத்தின் வரைபட அறை அவள் பொறுப்பு. குறிகளெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. அந்த அறையில் கிழிந்த தாள்களை ஒட்டுகிறவர், பசை தடவத் துண்டுக் காகிதம் தேடிக் குப்பைக்கூடையைக் கிளறினார். அவள் வெட்டிப்போட்ட ஓரம் அகப்பட்டது. அந்த நீளத் துண்டிலிருந்த குறி விளக்கத்தை மூக்குக்கண்ணாடியருகே பிடித்துப் படித்தார்.

“ஏம்மா, இதுல கோடும் புள்ளியும் பாதை இல்லையாமே. மழைக்கால ஓடைன்னு போட்டிருக்கு.”

அவள் இழுப்பறையைத் திறந்து மூலத் தாளைப் பார்த்தாள். அதேதான். கோடும் புள்ளியும் நடைபாதை என்று மாற்றியது அடுத்த பதிப்பில்தான்.

தம்பியை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் அலுவலகத்தில் கேட்டதற்கு, காலையிலேயே கிளம்பியாயிற்று என்றார்கள். பதினோராவது முறை அழைத்தபோது ஒட்டுகிறவர் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்த கோடுகளைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் திரும்பி உட்கார்ந்தாள்.

மூன்றரைக்கு அவனே கூப்பிட்டான்.

“அக்கா, படத்தோட ஓரத்த என்ன பண்ணே?”

“எங்கடா இருக்கே?”

“அடிவாரத்துலதான். நனையக்கூடாதுன்னு போனையும் படத்தையும் சேர்த்துச் சுத்தி வச்சிருந்தேன், இப்பத்தான் பிரிச்சேன். உன் சிவப்புக் கோடு இருக்கே, அதுல இடுப்பளவு தண்ணி ஓடுது. பாதைன்னா எந்தக் குறின்னு பார்க்கலாம்னா, ஓரத்தையே காணோம்.”

துண்டு அவள் கையில்தான் இருந்தது. வெறும் புள்ளி வரிசைதான் நடைபாதை என்று அதில் இருந்தது. மூலத் தாளில் அந்த வரிசை எதிர்ச்சரிவில் தெளிவாகவே ஏறியது. சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

“கம்பி கிடக்கட்டும். திரும்பி வந்துரு.”

“நீயா சொல்றே? படம் பொய் சொல்லாதும்பியே.”

“படம் சொல்லலடா. நான்தான் சொன்னேன்.”