எழிலரசி என்று தேடினால்

“சித்தி, கள்ளக்காதல்னா இன்னா?”

சோறு வடித்துக்கொண்டிருந்த பேபியின் கை அப்படியே நின்றது. கொதிக்கிற கஞ்சி ஓரமாக வழிந்து மணிக்கட்டில் பட்டதுகூட அவளுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. திரும்பிப் பார்த்தாள். காவ்யா கட்டிலில் குப்புறப் படுத்து அவளுடைய போனை வைத்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுக் குழந்தை. கண்ணில் விஷமம் எதுவும் இல்லை. பாடத்தில் புரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

பேபி பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து போனைப் பிடுங்கினாள். தேடுகிற கட்டத்தில் குழந்தை ‘எழிலரசி’ என்று மட்டுந்தான் அடித்திருந்தாள். மிச்சத்தை அதுவே எடுத்துக் கொடுத்திருந்தது. எழிலரசி திருமுல்லைவாயில். எழிலரசி கள்ளக்காதல். எழிலரசி போட்டோ.

“யாரு உன்ன இத்த பாக்கச் சொன்னது?”

கூடப் படிக்கிற மிருதுளாதான் காரணம். பள்ளிக்கூட அடையாள அட்டையில் காவ்யாவின் தாய் பெயர் இருந்தது. மிருதுளாவின் அம்மா அதைப் போட்டுத் தேடிப் பார்த்தாராம். இனிமேல் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்காராதே என்று மகளிடம் சொல்லிவிட்டாராம். ஏன் என்று மிருதுளாவுக்கும் தெரியவில்லை. அதனால் காவ்யா தானே பார்த்துவிட்டாள்.

பேபி அடிக்கக் கை ஓங்கவில்லை. திட்டவுமில்லை. ஆனால் குழந்தை அடுத்துச் சொன்னதைக் கேட்டு, மூடப்போன திரையை மறுபடி பார்த்தாள்.

“அம்மா போட்டோ சூப்பரா கீது சித்தி. நம்ம ஊட்ல அந்த போட்டோ இல்லியே.”

எழிலரசி பேபிக்கு அக்கா. நாலு வயது மூத்தவள். அவர்களுடைய அப்பா கன்னியப்பன், வயல்வெளியாக இருந்த இடத்தில் கம்பெனிகள் வந்தபோது அதே இடத்தில் வாட்ச்மேனாகப் போய் நின்றவர். கடன் வாங்கித்தான் மூத்தவளை ஆவடியில் தினகரனுக்குக் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்தன்று குறைந்த ஐந்து சவரன், நாலு வருஷமாக அந்த வீட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் பரிமாறப்பட்டது. எழிலரசி துணிக்கடையில் கேஷியராக வேலைக்குப் போனாள். சம்பளத்தை அப்படியே மாமியார் கையில் வைத்தாள். அப்போதும் ஆறவில்லை. கடைசியில் ஒரு விடியற்காலை அந்த வீட்டிலிருந்து அவளைப் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். காவ்யாவுக்கு அப்போது மூன்று வயது.

உடல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. ‘புறநகர் புயல்’ என்று வேம்புலி என்பவர் நடத்திய இணையதளம் அது. தினகரனின் வீட்டார் சொன்னதை அவர் அப்படியே போட்டார். கடைக்கு வந்த யாரோ ஒருவனோடு தொடர்பாம். புருஷன் கண்டித்தானாம். அவமானம் தாங்காமல் உயிரை விட்டாளாம். மேலே கல்யாணப் படம், மாலையும் கழுத்துமாக. ஆல்பம் அந்த வீட்டில் மாட்டிக்கொண்டதால் இவர்களிடம் இல்லாமல் போன படம்.

வழக்கு ஐந்து வருஷம் நடந்தது. கன்னியப்பன் ஒரு வாய்தா தவறாமல் போனார். தீர்ப்பைக் கேட்க மட்டும் அவர் இல்லை. வரதட்சணைச் சாவு என்று கோர்ட் சொல்லிற்று. தினகரனுக்கும் அவன் தாய்க்கும் பத்து வருஷம். ஒரு தினசரியில் இரண்டு விரல் அகலத்துக்கு அந்தச் செய்தி வந்தது. மறுநாள் அந்தத் தாளில் யாரோ வடை மடித்துக் கொடுத்திருப்பார்கள். ஆனால் எழிலரசி என்று தேடினால் முதலில் வந்தது புயல்தான். இரண்டாவதும் மூன்றாவதும் அதைப் பார்த்து எழுதியவை.

அந்த முதல் வரி பேபியையும் விடவில்லை. பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு சம்பந்தம், பூ வைக்கும் வரை வந்து நின்றது. பொண்ணோட அக்கா பேரைப் போட்டுப் பார்த்தார்களாம் என்று தரகர் தலையைச் சொறிந்தார். அடுத்தவர்கள் காரணமே சொல்லவில்லை. மூன்றாவது முறை அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி கார்மெண்ட்ஸ் ஒன்றில் செக்கிங் வேலை. அந்தச் சம்பளத்தில் குழந்தையைத் தனியார் பள்ளியில் சேர்த்தாள். அப்பா எங்கே என்று கேட்டால் வெளியூரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள்.

காவ்யா கேட்ட அன்று மாலையே ஸ்டேஷன் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அப்துல் ரசாக்கிடம் போனாள். நல்ல மனுஷர். தேடுபொறிக் கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது, போட்டுப் பார்ப்போம் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பினார். தீர்ப்பையும் இணைத்தார். ஆனால் அவருக்கே நம்பிக்கை இல்லை. போன வருஷம் அவருடைய கடையே தேடலில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று வந்துவிட்டதாம். ஆதார் திருத்த, பான் கார்டு எடுக்க வருகிற கூட்டம் பாதியாகக் குறைந்தது. திறந்த கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, கடை திறந்துதான் இருக்கிறது என்று நிரூபிக்க அவருக்கு நாலு மாதம் ஆயிற்று. பேசுவதற்கு ஓர் ஆள் இல்லை, நம்பர் இல்லை என்றார்.

ஒன்பதாம் நாள் இங்கிலீஷில் பதில் வந்தது. நீக்க முடியாது, தளத்தின் உரிமையாளரை அணுகவும்.

அணுகினாள். வேம்புலியின் ஆபீஸ் அம்பத்தூரில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. எதிர்பார்த்தது போல அவர் முரடர் இல்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். மேஜை நிறைய ஒரு கட்சிப் பிரமுகரின் படங்கள். தேர்தல் வருகிறதல்லவா, அந்த வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். அந்தப் பிரமுகர் மேல் நில அபகரிப்பு வழக்கு இருந்தது ஊருக்கே தெரியும். இப்போது அவர் பெயரைத் தேடினால் ரத்த தானமும் நோட்டுப் புத்தகம் வழங்கியதும்தான் வரும். அறுபது செய்தி எழுதிப் போட்டு அந்த வழக்கை எட்டாம் பக்கத்துக்குக் கீழே தள்ளியிருக்கிறார்கள். எட்டாம் பக்கத்துக்கு எவன் போறான் என்று வேம்புலி பெருமையாகவே சொன்னார்.

பேபி தீர்ப்பின் நகலை மேஜை மேல் வைத்தாள். அந்தச் செய்தி பொய் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, எடுத்துவிடுங்கள் என்றாள். அவர் புரட்டிப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். பிறகு கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

“நா இன்னா பண்ணட்டும் தங்கச்சி. என் சைட்டுல ஓடுறதே அது ஒண்ணுதான். ஏழு வருசமா ஒரு நாள் தப்பாம ஆளு வருது. அதுவும் இந்த ஏரியாவுலேர்ந்தே. மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ஒண்ணரைக்குள்ள டாண்ணு வந்துரும். ஜனங்க தேடித் தேடிப் பாக்கறதாலதான அது மேல நிக்கிது. நா கொண்டாந்து நிறுத்தல.”

ஒன்றிலிருந்து ஒன்றரை பேபியின் சாப்பாட்டு நேரம்.

ஏழு வருஷமாக எஸ்டேட் கேண்டீன் மூலையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள்தான் தேடினாள். இன்றைக்காவது போயிருக்குமா, கொஞ்சம் கீழேயாவது இறங்கியிருக்குமா என்று தினமும் திறந்தாள். திறந்த பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மூட மனம் வராது. லீவு நாளில்கூட விட்டதில்லை. அவள் அதை வேம்புலியிடம் சொல்லவில்லை. தீர்ப்பை எடுத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமல் எழுந்தாள். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் காவ்யாவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மறைப்பதில் இனி அர்த்தமில்லை. வெளியூரில் வேலை என்று சொன்னது பொய், அப்பா ஜெயிலில் இருக்கிறார் என்பதிலிருந்து தொடங்கினாள். நகைக்காக நடந்ததை, அம்மா எத்தனை முறை அழுதுகொண்டு வந்தாள் என்பதை, ஒவ்வொரு முறையும் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பியவர்களில் தானும் ஒருத்தி என்பதை, எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை அழவில்லை. பாவாடை நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ போன்ல ஏன் சித்தி பொய் சொல்லுது?”

“அதுக்குத் தெரியாதுடி. மொதல்ல வந்து எவன் சொன்னானோ, அத்தயேதான் கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்லிகினு கீது. நாம போயி சொல்றதுக்குள்ள லேட்டாயிடுச்சி.”

தீர்ப்பு தமிழில்தான் இருந்தது. காவ்யா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். இறந்துபோன எழிலரசியின் நடத்தை பற்றி எதிரிகள் தரப்பில் கூறப்பட்டது முழுக்கக் கற்பனை, தங்கள் குற்றத்தை மறைக்கச் சொன்னது, அதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை. ‘கற்பனை’ அவளுக்குத் தெரிந்த சொல். அதை இரண்டு முறை படித்தாள். அப்போதுதான் அழுதாள்.

சனிக்கிழமை பேபி அரை நாள் லீவு போட்டாள். தீர்ப்பின் அந்தப் பக்கத்தை அப்துல் ரசாக் நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டிகளோடு தாய்மார்கள் நின்றிருந்தார்கள். பேபி ஒவ்வொருவராகப் போய் ஒரு தாளைக் கொடுத்தாள். நான் காவ்யாவோட சித்தி, இது அவங்க அம்மா கேஸ் தீர்ப்பு, ஒரு தரம் படிங்க என்றாள். விளம்பரம் என்று நினைத்துச் சிலர் கையை நீட்டவேயில்லை.

மிருதுளாவின் அம்மா சாவித்திரி வாங்கினார். கல்லூரிப் படிப்பும் ஐ.டி. வேலையும் உள்ள பெண். நின்றபடியே முழுதும் படித்தார். படித்ததும் முகம் மாறியது. பேபிக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று.

“ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. ஆனா நெட்ல வேற மாதிரி போட்டிருக்கே. இருங்க, எதுக்கும் ஒரு தடவை பார்த்துடறேன்.”

கோர்ட் முத்திரை விழுந்த தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் போனை எடுத்துத் தேடினார். கெட்ட எண்ணத்தில் இல்லை. சரிபார்க்கத்தான். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி என்ன விஷயம் என்று கேட்டு, பெயரை வாங்கித் தானும் தேடினாள். பிறகு இன்னும் இரண்டு பேர். தாள் படிக்கப்படாமல் சிலர் கையில் மடிந்திருந்தது. பள்ளிக்கூட வாசலில், பட்டப்பகலில், நாலைந்து போன்களில் ஒரே நேரத்தில் எழிலரசி மாலையும் கழுத்துமாகச் சிரித்தாள். இன்றைக்கு வேம்புலியின் கணக்கில் எத்தனை கூடும் என்று பேபிக்குத் தோன்றியது. தடுக்கலாம் என்று வாயெடுத்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். காவ்யா பையை ஒரு தோளில் தொங்கவிட்டபடி வந்தவள், சாவித்திரியின் கையில் இருந்த திரையைப் பார்த்துவிட்டாள். சாவித்திரி சட்டென்று போனைக் கவிழ்த்தார்.

“பாருங்க ஆன்ட்டி, எங்கம்மாதான் அது,” என்றாள் காவ்யா. தலை குனியவில்லை. “போட்டோ மட்டும்தான் நெஜம்.”

குழந்தை சித்தியிடம் வந்து, மிச்சமிருந்த தாள்களில் பாதியை வாங்கிக்கொண்டு, வாசலின் அந்தப் பக்கமாகப் போய் நின்று, வெளியே வருகிறவர்களிடம் நீட்டத் தொடங்கினாள்.