அக்காவிடம் சொல்ல முடியாத வயிறு

பெரியப்பா மகள் லோசலினி குடைமிளகாய்க் கொட்டகைக்கு லீடராக வந்த வாரத்திலிருந்து லிசியாத்தேயின் வயிறு அவன் பேச்சைக் கேட்பதில்லை.

மிளகாய் ஓடும் பெல்ட்டை விட்டு நகர வேண்டுமானால் லீடரிடம் காரணம் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பண்ணையில் அது சாதாரண விதி. ஆனால் டோங்காத் தீவுக்காரன் அக்காவிடம் போய்க் கக்கூஸ் பேச்சை எடுப்பானா? பெரியப்பா மகளும் அக்காதான். அவள் இருக்கும் அறையில் காலை நீட்டி உட்காரக்கூட மாட்டான்; வளர்ந்த அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதும் அங்கே வழக்கமில்லை. நாக்கு எழும்புமா, சொல்லுங்கள்!

அதனால் அடக்கினான். சில நாள் கல்லாக இறுகியது. சில நாள் பிய்த்துக்கொண்டு போனது. காலையில் மரவள்ளிக்கிழங்கைத் தொடுவதையே விட்டான்.

"ஏன்டா, இஞ்சி தின்ன குரங்கு மாதிரி மூஞ்சிய வச்சிருக்க? வா டாக்டர்கிட்ட," என்று கூட்டாளி ஃபாதாய் இழுத்துக்கொண்டு போனான்.

டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டுச் சொன்னதை ஃபாதாய்தான் மொழிபெயர்த்தான். "குடல்ல புண்ணு, கட்டி ஒண்ணும் இல்லையாம். மூளையும் குடலும் நரம்பு வழியா எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்குமாம். பயம் நாள்கணக்கா இருந்தா குடலோட அசைவு கெட்டுப்போகுமாம். ஒரு நாள் மந்தமா கிடக்கும், ஒரு நாள் தலைதெறிக்க ஓடும். நீ எதைக் கண்டு பயப்படுறன்னு கேக்குறாங்க."

லிசியாத்தே கொட்டகை இருந்த திசையில் தாடையைக் காட்டினான்.

"அட மக்கு, அக்காவத்தானே? வேற கொட்டகைக்கு மாத்தச் சொல்லு," என்றான் ஃபாதாய்.

சொல்லலாம். ஆனால் முதலாளி ராஸிடம் எந்தக் குறையும் லீடர் வழியாகத்தான் போக வேண்டும். மறுநாள் போய் நின்றவனிடம் லோசலினி முகம் திருப்பாமலே கேட்டாள்: "என்ன தம்பி, என்ன சிரமம்?"

"முழங்கால் வலி அக்கா," என்று உளறிவிட்டான் பாவி.

ராஸ் இரக்கப்பட்டு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார். ஸ்டூல் எங்கே போட்டார் தெரியுமா? லீடர் மேசைக்கு ஒட்டி! வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். இனி வயிறு ஒரு சத்தம் போட்டாலும் அவள் காதில் விழும்.

வியாழக்கிழமை வயிறு புரண்டது. பல்லைக் கடித்தான். உடம்பெல்லாம் வியர்த்தது. கதவு எதிரேதான் இருந்தது; அதற்கு முன்னால் அவள் நின்றாள். "அக்கா..." என்று எழுந்தான். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வயிறு முந்திக்கொண்டது. வெதுவெதுவென்று தொடையில் இறங்கியபோது செத்துவிடலாம் போலிருந்தது.

அவள் பார்க்கவில்லை. மூக்கு இருக்கிறதே! மிளகாய் கழுவும் தொட்டியை இரண்டு கையாலும் தள்ளினாள். தண்ணீர் அவனை இடுப்போடு நனைத்து, லாரியில் ஏற்ற அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள்மேல் பாய்ந்தது.

"ஐயோ, கை தவறிடுச்சு! தம்பி, போய் உடுப்பு மாத்திக்க!"

ராஸ் ஓடி வந்தார். பெட்டிகளெல்லாம் நாசம். "யார் பண்ணது?"

"நான்தான், கை தவறிடுச்சு," என்றாள்.

"கை தவறினதா? இவ்வளவு கனத் தொட்டி தானா சாயுமா? நாளையிலருந்து நீ லீடர் இல்ல."

லிசியாத்தே வாசலில் நின்றுவிட்டான். உண்மையைச் சொன்னால் அவள் பதவி தப்பும். ஆனால் அதை அவள் எதிரில், எல்லார் காதிலும் விழ, சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான்.

வளர்ந்த பிறகு முதல் முறையாக லோசலினி அவனை நேருக்கு நேர் பார்த்தாள். "பேசாம போடா," என்றாள்.

போனான். கக்கூஸ் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல், குலுங்கிக் குலுங்கி அழுதான்.