முதுகு வழியே தெரிந்த கரும்பலகை

கணக்கு டீச்சரின் முதுகு வழியாகக் கரும்பலகை தெரியத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில். அதுவரை "டீச்சர், மறைக்குது" என்று கத்திக்கொண்டிருந்த கடைசி பெஞ்ச் பெண்கள் அன்று கத்தவில்லை. அவள் எழுத எழுத, தொகுதியும் பகுதியும் அவள் தோளுக்குள்ளேயே தெளிவாகத் தெரிந்தன. அவள் உடுத்தியிருந்ததும் அவளோடு சேர்ந்தே வெளுத்திருந்தது. காரணத்தில் ரகசியம் எதுவும் இல்லை. ஐந்து மாதமாக அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஐந்து நாளில் நின்றுவிடும் தூரம், இப்போது பதினோரு நாள் ஓடியது. பகலில் மணிக்கொரு நாப்கின் நனைந்தது, கோலிக்குண்டு அளவில் கட்டி கட்டியாக விழுந்தது, படியேறினால் கண் இருட்டியது. கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல் அவள் எழுந்த நாளே கிடையாது. உடம்பிலிருந்த சிவப்பு தீர்ந்துபோனதும் மிச்சம் கண்ணாடியாகிவிட்டது, அவ்வளவுதான்.

கேட்காமல் இருந்துவிடவில்லை அவள். முதல் மாதமே அக்காவுக்குப் போன் போட்டாள். "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கறதுதானே, ஊர்ல இல்லாததா?" என்றாள் அக்கா. மூன்றாம் மாதம் தெருமுனை டாக்டரிடம் போனாள். அவர் எத்தனை நாள் என்றுகூடக் கேட்கவில்லை, வயதை மட்டும் கேட்டார். நாற்பத்திரண்டு என்றதும், "நிக்கப்போற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். புருஷன் கெட்டவனில்லை. ஆனால் அவள் குறுக்கே நின்றால் "கொஞ்சம் தள்ளு" என்று சொல்லும் வேலை மிச்சமானதில் அவனுக்கு ஒரு நிம்மதி. அவள் வழியாகவே டிவி பார்த்தான். பள்ளிக்கூடத்திலோ காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஒருத்திகூடத் தவறவில்லை. தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் அவளைப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். சன்னல் கம்பிகள் தன் கைக்குள் தெரிவதைப் பார்த்தபடி அவள் நின்றிருந்தாள். அன்றுதான் அவளுக்கு முதல் தடவை வயிறு எரிந்தது, நோயினால் அல்ல.

அவளைப் பார்த்தவள் ஒருத்திதான், பள்ளிக்கூடம் கூட்டிக் கழுவுகிற அக்கா. கழிப்பறைக் குப்பைக்கூடையைக் கொட்டுகிறவளுக்குத் தெரியாத கணக்கா? ஒரு நாள் தாழ்வாரத்தில் வெயில் அவள்மேல் விழுந்தபோது துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அருகில் வந்து குனிந்தாள். "டீச்சர், அடிவயித்துல எலுமிச்சம்பழம் கணக்கா ஒண்ணு கறுப்பா நிக்குது. இன்னிக்கே போங்க. என் தங்கச்சியையும் இப்படித்தான் சகஜம் சகஜம்னு சொல்லியே மண்ணுல வெச்சோம்."

டீச்சர் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். லீவு வேண்டும், பீரியட்ஸ் நிற்கவே இல்லை என்றாள். "ஆறாவது பீரியடை யார் எடுக்கறது?" என்றார் அவர். அவர் கண் அவள்மேல் இல்லை, அவளுக்குப் பின்னாலிருந்த சுவர்க்கடிகாரத்தில் இருந்தது.

"சார், என்னைப் பாருங்க."

"பாத்துட்டுதானே இருக்கேன், டீச்சர்? நல்லாத் தெரியுதே. ரெண்டே கால்."

அவள் கையில் சாக்பீஸ் இருந்தது. அவருடைய மேசைக்குப் பின்னால், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில், பச்சை சாக்பீஸால் முழங்கை அளவு எழுத்தில் எழுதினாள்: ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினோரு நாள், ஏழு மாதம். பெருக்கி, அடிக்கோடு போட்டு, 924 என்று விடை எழுதினாள். "தொள்ளாயிரத்து இருபத்துநாலு நாப்கின் நனைஞ்சிருக்கு சார்! ஒரு மனுஷன், ஒரே ஒரு மனுஷன், எத்தனைன்னு கேட்டானா? என் முதுகு கண்ணாடியானா கை தட்டத் தெரியுது, ஏன் ஆச்சுன்னு கேக்கத் தெரியலையா?" தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. ஏழு வகுப்புகளில் பாடம் நின்றது. லீவுச் சீட்டில் கையெழுத்து வாங்க அவள் காத்திருக்கவில்லை. கூட்டுகிற அக்கா ஏற்கெனவே வண்டியோடு வாசலில் நின்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அவளை உட்காரவைத்து, எத்தனை நாள் போகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, விழுகிற கட்டி எவ்வளவு பெரிது, மயக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதற்காகவே டீச்சர் அங்கே அழுதாள். பன்னிரண்டாவது இருக்கவேண்டிய ரத்த அளவு ஐந்துதான் இருந்தது. "ஒரு வாரத்துக்கு மேல போனாலே வந்திருக்கணும்மா. மணிக்கொரு தடவை மாத்தற அளவு தொடர்ந்து போனா அன்னிக்கே வரணும். வயசு மேல பழியைப் போடறதெல்லாம் சோதிச்சுப் பாத்ததுக்கு அப்புறந்தான்" என்றாள். அடிவயிற்றுக் கட்டி வெறும் கண்ணுக்கே தெரிந்தாலும், கண்ணால் பார்த்ததை ஃபைலில் கோக்க முடியாதென்று ஸ்கேனும் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் வளர்ந்த சாதாரணக் கட்டி, புற்றல்ல. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி, பிறகு கட்டியை எடுத்தார்கள். சிவப்பு முதலில் உதட்டுக்கு வந்தது, பிறகு நகத்துக்கு. முதுகு மூடிக்கொள்ள நான்கு மாதம் பிடித்தது. கடைசி பெஞ்ச் பெண்கள் மறுபடியும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அடுத்த தேர்வில் ஆறு பேர் தவறினார்கள். கோபம் மட்டும் உடம்போடு சேர்ந்து ஆறவில்லை. அதை அவள் வைத்துக்கொண்டாள், வேலைக்கு ஆகும் என்று.

அதன்பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் மாதத்தின் முதல் வேலைநாளில் பெண்கள் எல்லோரும், பெரிய வகுப்பு மாணவிகள் உட்பட, தாழ்வாரத்துச் சன்னலருகே வரிசையாக நின்று கையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவது வழக்கமாயிற்று. கையில் கம்பி தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதல் வருடம் மூன்று பேரைப் பிடித்தார்கள். இரண்டாம் வருடம் ஒரு திங்கட்கிழமை, தலைமையாசிரியர் தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினார். அந்த அம்மாளின் முகத்துக்குள் கொடிக்கம்பம் முழுசாகத் தெரிந்தது. கணக்கு டீச்சர் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"எத்தனை மாசமா சார்?"

அவர் தலையைக் குனிந்து, "எண்ணல, டீச்சர்" என்றார். பிறகு வண்டி பிடிக்க வெளியே ஓடினார்.